மேலே ஆள் இருக்கா?

மியான்மரின் ரங்கூனில் தொழில் போட வருகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஆள் இருந்தால் கிடைப்பது நிலம். 1987 சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனி ஒரு வருடத்துக்கு மேல் குத்தகை எடுக்க முடியாது. முதலீட்டு ஆணையத்தின் பெர்மிட் இருந்தால் 50 வருடம், அப்புறம் பத்துப் பத்தாக இரண்டு நீட்டிப்பு. ஆற்றங்கரையில் நல்ல மனைகள் பல ராணுவத்திடம். அதானி துறைமுகம் எழுப்பிய இடமும் ராணுவக் கம்பெனியிடம் எடுத்த குத்தகைதான். 2023இல் 3 கோடி டாலருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

நுழைவது சுலபம். வெளியே வருவதில்தான் விலை தெரியும்.

ஜப்பானின் பீர் கம்பெனி கிரின் கதையைப் பாருங்கள். 2015இல் மியான்மர் புரூவரியின் 55 சதவீதத்தை 56 கோடி டாலருக்கு வாங்கியது. மீதி எம்.இ.எச்.எல். என்ற ராணுவக் கம்பெனி வசம். விற்ற சிங்கப்பூர்க் கம்பெனி, இதே கூட்டாளியிடம் நடுவர் மன்றத்தில் தோற்றிருந்தது. அது தெரிந்தும் கிரின் வந்தது. பீர் சந்தை அப்படி! 2021 பிப்ரவரி 1இல் ஆட்சிக் கவிழ்ப்பு, 5ஆம் தேதி கூட்டை முறிப்பதாகக் கிரின் அறிவிப்பு. நவம்பரில் கூட்டாளி, ஆலையையே கலைக்கச் சொல்லி ரங்கூன் கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் ஆலையே கிரினின் பங்கை வாங்கிக்கொண்டது: 2023 ஜனவரி, 2,240 கோடி யென், அதாவது சுமார் 17 கோடி டாலர்.

அதற்குள் பங்கு மாறியிருந்தது: கிரின் 51, எம்.இ.எச்.எல். 49. அமெரிக்கத் தடை விதிப்படி, எம்.இ.எச்.எல். போலத் தடைப்பட்டவர் கையில் 50 சதவீதம் இருந்தாலே கம்பெனியும் தடைக்குள். 49 என்றால் கம்பெனி தப்பும். ஆனால் அவருக்கு டாலரில் டிவிடெண்ட் அனுப்ப முடியாது, நியூயார்க் வங்கி நிறுத்திவிடும்.

ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டிக்குக் கொடுத்த செட்டியார்களுக்கு இதெல்லாம் பழைய பாடம். 1938 வாக்கில் கீழ்ப்பர்மா நெல் நிலத்தில் கால் பங்கு அவர்கள் பேரில் இருந்தது. காவல் வெள்ளைக்காரன், அவன் போனான், 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது.

கூட்டாளி யார் என்று பதிவேட்டில் பார்த்தால் போதாது. மனைக்குக் குத்தகைப் பணம் வாங்குவது யார் என்று பாருங்கள். பங்கை வெளியாளுக்கு விற்கக் கூட்டாளியின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எத்தனை நாளில் பதில், மறுத்தால் அவரே எந்த விலைக்கு வாங்க வேண்டும், எந்த நாணயத்தில் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். நாணயத்தை எழுதாமல் விடவே கூடாது: 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி டாலருக்கு 2,100 கியாட் என்று கட்டியபோதே தெருவில் அதற்கு டாலர் கிடைக்கவில்லை.