சுண்டல் பொட்டலமும் மியூவானும்

நேற்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அக்கா மகன் கேட்டான்: "மாமா, நியூட்ரினோங்கிற, எதுலயும் அநேகமா மோதாம ஊடுருவிப் போற குட்டித் துகளைப் பிடிக்கத் தென் துருவத்துல பனிக்கட்டிக்குள்ள 5,160 உணரிகளைப் புதைச்சு வச்சிருக்காங்களாமே, அந்த நியூட்ரினோ எங்கேயிருந்துதான் வருது?"

சரி, சொன்னேன். தொலைதூர விண்மீன் மண்டலங்களில் புரோட்டான்கள் மோதிப் பயான் என்ற அற்பாயுள் துகள்கள் பிறக்கின்றன. பயானின் ஆயுள் 26 நானோ நொடி. சிதைந்தால் ஒரு நியூட்ரினோ, ஒரு மியூவான் (எலக்ட்ரானின் கனமான உறவுக்காரன்). மியூவானுக்கு 2.2 மைக்ரோ நொடி, ஏறக்குறைய 85 மடங்கு. அதுவும் சிதைந்தால் இன்னும் இரண்டு நியூட்ரினோ. (ஓடுகிற வேகத்தில் இந்த ஆயுள் நமக்கு நீண்டு தெரியும். அது தனிக்கதை.)

ஆனால் அங்கே காந்தப்புலம் கடுமையாக இருந்தால், மியூவான் சிதைவதற்குள் சுழன்று சுழன்று ஆற்றலை இறைத்துவிடும். இவன் வாங்கி வந்த சுண்டல் மாதிரி! வண்டியிலிருந்து வருவதற்குள் கொறித்து, என் கைக்கு வந்தது அடியில் ஒட்டிய நாலு மாங்காய்த் துண்டு. அப்படித்தான் மியூவான் தரும் இரண்டு நியூட்ரினோவும் ஆற்றல் குறைந்தே வரும்.

எலக்ட்ரான், மியூவான், டாவ் என்று மூன்று வகை நியூட்ரினோ. வழியில் ஒன்று மற்றொன்றாக மாறி, இங்கே ஏறக்குறைய 1:1:1 ஆக வரவேண்டும். மியூவான் ஆற்றலை இழந்திருந்தால் உயர் ஆற்றலில் அது 4:7:7 பக்கம் சாயும். எண்ணிப் பார்த்தே அங்குள்ள காந்தப்புலத்தை ஊகிக்கலாம். எண்ணுவதற்குத்தான் போதுமான நியூட்ரினோ சிக்கவில்லை.

"அப்ப இன்னொரு பொட்டலம் வாங்கலாமா மாமா?"