பன்னிரண்டு பேர், ஒரு வேன், கடற்கரைக் கூடாரம்

ராமேஸ்வரம் பக்கம் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு: தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதி கிடையாது. கூடாரம் போட வேறு கரையை முன்பே விசாரித்து வையுங்கள். வேன் பேசும்போதே ஓட்டுநர் பேட்டா, சுங்கம் இரண்டும் வாடகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். பட்ஜெட் உடைவது அங்கேதான்.

மணலில் சாதாரண முளை நிற்காது, காற்று பிடுங்கிவிடும். சின்னச் சாக்கில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் அசையாது. கூடாரத்தைக் காய்ந்த கடற்பாசி ஒதுங்கியிருக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே தள்ளிப் போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் தண்ணீர் இன்னும் ஏறும்.

குடிக்க, சமைக்க ஆளுக்கு 4 லிட்டர், நாளுக்கு 48. இரண்டு 25 லிட்டர் கேன். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம், குழந்தைகள் வெயிலில் சுருண்டுவிடுவார்கள்.

முதல் நாளுக்குப் புளியோதரை. சாதம் ஆறிய பிறகே கட்டுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து ஊசிப்போகும்.