பாதியாகக் குறைந்த இழப்பீடு

2020 டிசம்பரில் புரெவிப் புயலின் மழை யாழ்ப்பாணத்தை மூழ்கடித்தபோது, எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு வெள்ளம் நின்று கதவு நிலைகளையும் மின்னிணைப்பையும் பழுதாக்கியது. நான்கு இலட்சம் ரூபா இழப்புக்குக் காப்புறுதி நிறுவனம் தந்ததோ இரண்டு இலட்சம். வீட்டின் பெறுமதியில் பாதிக்கே காப்புறுதி செய்திருந்தால் இழப்பிலும் பாதியே கிடைக்கும் என்ற ‘சராசரி’ விதியை அவர்கள் காட்டினார்கள்.

விதி சரி, கணக்குத்தான் பிழை. மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, வீட்டின் பெறுமதியோடு காணியின் விலையையும் சேர்த்திருந்தது தெரிந்தது. காப்புறுதி கட்டடத்துக்கு மட்டுமே. வெள்ளம் காணியை அள்ளிக்கொண்டு போகவில்லையே! ஆகவே, கட்டடத்தை மீளக் கட்டும் செலவுக் கணக்கையும், சுவரில் நீர்மட்டம் தெரியும் படங்களையும், கிராம அலுவலரின் கடிதத்தையும் இணைத்து, மறுத்தால், காப்புறுதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடுவேன் என்று பதிவுத் தபாலில் எழுதினேன். ஏழு வாரங்களின் பின் மீதிக் காசோலை வந்தது.