நித்திரைக் கொப்பி

எங்கள் வீட்டில் பேனைக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆனால் நான் பார்க்கிற பிள்ளைகளின் நித்திரையைக் கொப்பியில் குறிக்க மத்தியானம் ஒரு மணிக்குத் தேடினால் ஒன்றுகூட அகப்படாது. முதலில் ஒரு பேனையை நூலில் கட்டி, பிள்ளைகள் நித்திரை கொள்ளும் அறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். பிள்ளைப் பராமரிப்பு ஏஜென்சியிலிருந்து வீட்டைச் சோதிக்க வந்த விசிற்றர் அதைப் பார்த்துவிட்டு, நூல் எவ்வளவு நீளம் என்று கேட்டார். அவர் ஏன் கேட்கிறார் என்று விளங்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அன்றைக்கே கழற்றிவிட்டேன். இப்போது பேனை என் கொண்டையில் குத்தியிருக்கிறது. பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பக்கம் எங்கள் வீடு. 2016 இலிருந்து லைசன்ஸ் உள்ள ஒரு ஏஜென்சியின் கீழ் வீட்டிலே பிள்ளைகள் பார்க்கிறேன். அதற்கு முன்னரும் பார்த்தேன்தான், அப்போது அதற்குப் பெயர் பேபி சிற்றிங். பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு இரவு வேலை, மச்சாள் முறையான ஒருத்திக்குப் பாக்டரியில் காலை ஷிப்ட். பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள், வெள்ளிக்கிழமை காசைக் கையில் தருவார்கள். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் லைசன்ஸ் இல்லாமலும் ஐந்து பிள்ளைகள் வரை பார்க்கலாம், ஆனால் அதில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம் அது என்பதே எனக்கு அந்தக் காலத்தில் தெரியாது.

ஏஜென்சியில் சேர்ந்தால் ஆறு பிள்ளைகள் பார்க்கலாம். வீட்டுக்காரியின் சொந்தப் பிள்ளை நான்கு வயதுக்குக் குறைவென்றால் அதுவும் அந்த ஆறுக்குள் வரும். 2025 சனவரியிலிருந்து, கட்டணத்தை நாளுக்குப் பத்து டொலருக்கு இறக்கப் பார்க்கும் அரசின் திட்டத்தில் சேர்ந்த இடங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 22 டொலருக்கு மேல் பெற்றோரிடம் வாங்க முடியாது. அதற்குப் பிறகு என் போன் ஓயவில்லை. "அக்கா, ஒரு பிள்ளைதானே, ஒரு மூலையில இருந்து விளையாடும். ஆருக்குத் தெரியப் போகுது?" ஊரில் கலியாணப் பந்தியில் ஒருவர் கூட வந்திருந்தால் இன்னும் ஒரு இலை போடுவோம், எழும்பிப் போ என்று சொல்லமாட்டோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவளுக்கு இல்லை என்று சொல்வது லேசில்லை. சொல்லப் பழகிக்கொண்டேன்.

முதன்முதல் ஏஜென்சியிலிருந்து வீட்டைப் பார்க்க வந்த அன்று நான் வீட்டைத் துடைத்து, வடை சுட்டு வைத்திருந்தேன். வந்தவர் வடையைத் தொடவில்லை. நிலத்தில் குந்தி இருந்து, ஒரு வயதுப் பிள்ளையின் கண் உயரத்திலிருந்து வீட்டைப் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் மூடி இல்லாத பிளக், சிங்குக்குக் கீழே பூட்டில்லாத அலுமாரி, யன்னல் பிளைண்ட்ஸின் கயிறு, எல்லாம் அந்த உயரத்தில்தான் தெரிந்தன. பிறகு சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்றார். ஊதுபத்தி, நெருப்புப்பெட்டி, கற்பூரம். கற்பூரத்தைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். அது பார்க்கச் சீனிக் கட்டி மாதிரி இருக்கிறது, ஒரு பிள்ளை எடுத்து விழுங்கினால் வலிப்பு வரலாம் என்றார். அம்மா, அம்மம்மா எல்லாரும் கற்பூரம் கொளுத்திய வீட்டில் வளர்ந்தவள் நான், யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. முருகன் இப்போது மேல்மாடியில், பூட்டுப் போட்ட அறையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகுதான் அவருக்கு விளக்கு.

என் மனுசனுக்கும் ஒரு விதி வந்தது. பிள்ளை பார்க்கும் வீட்டுக்குள், பிள்ளைகள் இல்லாத நேரத்திலும் புகைக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். மனுசன் ஒரு மாரி முழுக்க வெளியே நின்று நடுங்கிவிட்டு, தானாகவே குறைத்துக்கொண்டார். மகனுக்குப் பதினெட்டு வயது வந்தபோது கேக் வெட்டின கையோடு பொலிஸ் செக்குக்குப் பத்திரம் நிரப்பினோம், அந்த வீட்டில் இருக்கிற வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் அது வேண்டும். "அம்மா, வேற வீட்டில பேர்த்டேக்கு கார் குடுக்கிறாங்கள்" என்றான்.

பேரப்பிள்ளைக்கு ஊரிலிருந்து வோக்கர் கொண்டுவருகிற அம்மம்மாமாரை எனக்கு வருடத்துக்கு ஒருவராவது சந்திக்கக் கிடைக்கும். சில்லுப் பூட்டிய, பிள்ளையை நடுவில் இருத்தும் அந்த வண்டி கனடாவில் 2004 இலிருந்து தடை. விற்கவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது. சொன்னால் நம்பமாட்டார்கள். மாடிப்படியில் உருண்ட பிள்ளைகளால் வந்த தடை என்று விளக்கிச் சொன்னால், "எங்கட வீட்டில படி இல்லைத்தானே பிள்ளை" என்பார்கள். யாழ்ப்பாணத்து வீட்டைச் சொல்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் என்னை உலுக்கியது எள்ளு. மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான், எள்ளு ஒத்துவராது. நிலக்கடலை என்றால் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எள்ளும் கனடாவில் முதன்மை ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு யாழ்ப்பாணத்துக் குசினியில் எள்ளை எங்கிருந்து எடுத்துவிடுவது? நல்லெண்ணெய் போத்தல், எள்ளுருண்டை, பேக்கரிப் பாணின் மேல் தூவினது என்று தேடிக்கொண்டே போனேன். ஊறுகாய் எந்த எண்ணெயில் போட்டது என்று போத்தலைத் திருப்பி வாசித்தேன். விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயும் அதுதான் என்பது இரவு படுத்த பிறகு நினைவு வந்தது, எழும்பிப் போய் அதையும் மாற்றினேன். அவனுக்கென்று தனித் திட்டம் ஒன்றைத் தாயும் நானும் ஏஜென்சியும் சேர்ந்து எழுதினோம். ஒவ்வாமை கடுமையானால் உடனே குத்துகிற ஊசிப் பேனையான எப்பிபென்னைப் பிடிக்கப் பழக்கினார்கள்: நீல மூடி மேலே, செம்மஞ்சள் நுனி தொடையில், உடுப்புக்கு மேலாலேயே அழுத்தலாம், பிறகு 911. பழகுகிற பேனையை வைத்து என் தொடையிலேயே பல தரம் குத்திப் பார்த்தேன். அந்தப் பிள்ளை இருந்த இரண்டு வருடமும் அது ஒருநாளும் தேவைப்படவில்லை. நானும் அந்த இரண்டு வருடமும் எள்ளுருண்டை தின்னவில்லை, இப்போது தின்றாலும் கையை இரண்டு தரம் கழுவுகிறேன்.

மருந்துக்கும் இதே மாதிரித்தான். டாக்குத்தர் லேபலோ கடை லேபலோ ஒட்டிய அசல் போத்தல், பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் கையெழுத்து, பூட்டின பெட்டி. பையின் அடியில் சின்னப் போத்தலில் வரும் ஓமத்தண்ணியை அப்படியே திருப்பி அனுப்புவேன். கோபப்படுவார்கள். படட்டும்.

சரி, கொப்பிக்கு வருகிறேன்.

பிள்ளைகள் நித்திரை கொள்ளும்போது பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, இடையிடையே பக்கத்தில் போய் நின்று நேரே பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். எங்கள் ஏஜென்சியில் 15 நிமிடத்துக்கு ஒருதரம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை நிமிர்த்தித்தான் கிடத்த வேண்டும், தலையணை கூடாது, பொம்மை கூடாது. 18 மாதத்துக்குக் குறைந்தவர்களுக்குத் தொட்டில், கிறிப் அல்லது பிளேபென். ஏணை கிடையாது. இந்த ஏணையால் எனக்கு வந்த சண்டை கொஞ்சமில்லை. எட்டு மாதப் பிள்ளை ஒன்று, வீட்டில் அப்பம்மாவின் பழைய சேலையில் கட்டிய ஏணையில்தான் கண் மூடும். தாய் சேலையையே பையில் வைத்துக் கொண்டுவந்து தந்தார், ஸ்பிரிங்கோடு. நானும் என் பிள்ளைகளை ஏணையில் ஆட்டி வளர்த்தவள்தான், அந்தச் சேலையைத் தொட்டதும் கை தானாகக் கொக்கியைத் தேடியது. சேலைக்குள் பிள்ளையின் நாடி நெஞ்சில் மடிந்து கிடந்தாலும் வெளியே தெரியாது என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். நாலு நாள் கத்தினது. ஐந்தாம் நாள் பிளேபென்னில் படுத்தது. அந்த நாலு நாளும் மத்தியானச் சோறு எனக்குப் பின்னேரம் நாலு மணிக்கு.

இதெல்லாம் சரியாகச் செய்த நான்தான் 2017 மாரியில் அந்த வேலை பார்த்தேன். இரவெல்லாம் எனக்கே காய்ச்சல். ஒரு பிள்ளைக்குப் பல் முளைக்கிற அழுகை, இன்னொன்று காலையில் இரண்டு தரம் சத்தி எடுத்து, தாய் வந்து கூட்டிப்போனார். 12:50 க்கு மிச்சம் எல்லாரும் நித்திரை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மேசையில் இருந்தேன். கொப்பி முன்னால் கிடந்தது. 1:00, 1:15, 1:30, 1:45, 2:00, 2:15. ஒவ்வொன்றுக்கும் எதிரே "நல்ல நித்திரை, மூச்சு சீர்" என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். வடிவான எழுத்து. பக்கத்து அறைதானே, கதவு திறந்துதானே இருக்கு, ஒரு சத்தம் கேட்டால் ஓடமாட்டேனா என்றுதான் நினைத்தேன்.

1:10 க்கு மணி அடித்தது. மூன்று மாதத்துக்கு ஒருதரமாவது சொல்லாமல் வருவார்கள், அது சட்டம். வந்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, கொப்பியை எடுத்தார். பிறகு தன் மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பவும் கொப்பி. சத்தம் போடவில்லை. ஆங்கிலத்தில், மிகவும் மெதுவாகக் கேட்டார்: "1:45 க்குப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது?"

என் தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறைக்குள்ளே கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் நன்றாகத் தூங்கட்டும் என்று யன்னலுக்குக் கம்பளி போட்டு இருட்டாக்கி வைத்திருந்தேன். முகத்தின் நிறம் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. அலுமாரியில் கமரா இருக்கிறது என்று காட்டினேன், மலிவில் வாங்கினது. வைத்திருக்கலாம், ஆனால் நீங்கள் போய்ப் பார்ப்பதற்குப் பதிலாக அது இருக்க முடியாது என்றார். பத்திரத்தில் மீறல் என்று எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆறு கிழமைக்குள் மூன்று தரம் வந்தார்கள்.

அன்றிரவு இவரிடம் பெரிதாகக் கத்தினேன். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு நித்திரைக்குக் கணக்குக் கேட்கிறாள் என்று. இவர் ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கோபம் ஆறின பிறகு இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தேடி வாசித்தேன். 2013 யூலையில், எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலம் ஓடினால் வரும் வோன் நகரில், லைசன்ஸ் இல்லாத ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பெண்பிள்ளை இறந்தது. காருக்குள், வெக்கையில், மணிக்கணக்காக விடப்பட்ட பிள்ளை. அந்த வீட்டில் சட்டம் விட்ட எண்ணிக்கையைப் போல் பல மடங்கு பிள்ளைகள். அமைச்சுக்கு முறைப்பாடுகள் முன்னரே போயிருந்தும் ஒழுங்காகப் பார்க்கப்படவில்லை என்று அரசின் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் மாகாண ஒம்புட்ஸ்மன் 2014 இல் அறிக்கை விட்டார். இப்போதிருக்கிற பிள்ளை பராமரிப்புச் சட்டம் 2015 ஆகஸ்ட் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. விசிற்றரின் கையில் இருந்த பத்திரத்தை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்த வீட்டிலும் பிள்ளைகளை எண்ண ஒருவர் போயிருக்கலாம்.

கொப்பியை நிரப்பச் சொல்கிறார்கள் என்று ஒரு வருடமாக விளங்கி வைத்திருந்தேன். கதிரையிலிருந்து எழும்பிப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது யன்னலுக்கு மெல்லிய துணிதான். போனில் 15 நிமிடத்துக்கு அதிர்வு வைத்திருக்கிறேன், சத்தம் இல்லை. போய் முட்டிக்கால் போட்டுக் குனிவேன், இடுப்பு நோகும். முதலில் நெஞ்சு ஏறி இறங்குகிறதா. பிறகு உதட்டின் நிறம். புறங்கையைப் பிடரியில் வைத்தால் வேர்க்கிறதா என்று தெரியும், வேர்த்தால் சட்டையைத் தளர்த்துவேன். கோயில் நூல் கழுத்தில் இருந்தால் அது காலையிலேயே கழற்றிப் பெயர் எழுதிய உறையில் போயிருக்கும். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம். இத்தனை வருடத்தில் நான் கண்டதெல்லாம் மூச்சு விடுகிற பிள்ளைகள்தான். ஒருதரம் மட்டும் ஒருத்தி சத்தமில்லாமல் எழும்பி இருந்து, கழற்றின காலுறையைச் சப்பிக்கொண்டிருந்தாள். அதையும் எழுதினேன்.

போன கிழமை விசிற்றர் வந்தார், இவர் புதியவர், இளம் பிள்ளை. கொப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தார். 1:15 க்குப் பிறகு 1:37 என்று இருந்தது. எனக்கு நெஞ்சு இடித்தது. ஒருவனுக்கு வயிற்றோட்டம், டயப்பர் மாற்றி, மேசையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து, கை கழுவி வர நேரம் போய்விட்டது என்றேன். காரணத்தையும் பக்கத்தில் எழுதியிருந்தேன், கோணல் எழுத்தில். வாசித்தார். பிந்தினது பிந்தினதுதான், தான் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார். சரி என்றேன்.

பிறகு பிரிட்ஜைத் திறந்து, உள்ளே தொங்கும் வெப்பமானி நாலு பாகையில் நிற்கிறதா என்று பார்க்கப் போனார்.