நான்காம் தர மிருதங்கச் செய்முறை: முதலில் இருக்கப் பழகுங்கள்

வட இலங்கை சங்கீத சபையின் நான்காம் தரப் பெறுபேறு போன வாரம் கைக்கு வந்தது. செய்முறைப் பரீட்சையில் அதிதிறமைச் சித்தி. சென்ற முறை இதே செய்முறையில் தவறியவன் நான். திருகோணமலை உட்துறைமுக வீதியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கண்ணீர் காயும்வரை கடலைப் பார்த்தபடி நின்றேன்.

இந்தப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்களுக்குப் பாடத்திட்டம் தெரியும். நான் சொல்ல வந்தது மிருதங்கத்தோடு தரையில் இருக்கும் முறையைப் பற்றி.

வீட்டில் எப்போதும் பாயில் இருந்துதான் சாதகம் செய்வேன். சென்ற முறை பரீட்சை மண்டபத்தில் வழுவழுப்பான சீமெந்துத் தரை. வலது கணுக்காலில் சாத்தியிருந்த மிருதங்கம் மூன்றாவது ஆவர்த்தனத்திலேயே, அதாவது மூன்றாவது தாளச் சுற்றிலேயே, முன்னால் வழுகத் தொடங்கியது. இடது தொடையால் நெருக்கிப் பிடித்தேன். இடுப்பு சரிந்தது, இடது தோள் காதை நோக்கி ஏறியது. இரண்டாம் காலம் என்ற இரட்டை வேகம்வரை சமாளித்தேன். மூன்றாம் காலத்தில் இடது பக்கத் தோலான தொப்பியில் 'தொம்' என்ற ஒலி திறக்கவே இல்லை. பலகையில் தட்டியதுபோல அடைத்த சத்தம். முடிவில் வாசிக்கும் கோர்வையும் பிசகியது. அந்தக் கோர்வையை நித்திரையிலும் சொல்வேன். தோள் இறுகியதும் கைக்கு வரவில்லை.

ஆசிரியர் ஏசவில்லை. "தம்பி, முதலில் இருக்கப் பழகும்" என்றார். இரண்டு வாரம் மிருதங்கத்தைத் தொட விடவில்லை. இருந்துகொண்டு, அடிகளை வாயால் சொல்லும் சொற்கட்டு மட்டும் சொல்லவைத்தார். அதன் பிறகு எனக்குக் கைகொடுத்தவை இவை:

- சாரத்தை நான்காக மடித்துப் பின்பக்கம் மட்டும் உயரும்படி போட்டு இருங்கள். முழங்கால் தானாகத் தாழும், முதுகு நிமிரும்.
- பழைய துணியைச் சும்மாடுபோலச் சுருட்டிக் கணுக்காலடியில் வையுங்கள்.
- முழங்கை விலாவோடு ஒட்டக் கூடாது.
- 'நம்' வாசிக்கையில் மோதிர விரல், வலது பக்கத் தோலின் நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் பட்டால் போதும். அழுத்தினால் நாதம் செத்துவிடும்.
- தொப்பியின் நடுவில் ஒட்டும் ரவைப் பசையை உங்கள் முறை நெருங்கும்போது ஒட்டுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அது காய்ந்துவிடும்.

இவை எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: வாசிக்கும்போதே சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'தகதிமி தகஜொணு' சொல்லும்போது எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ, அந்த இடத்தில்தான் உங்கள் தோள் இறுகுகிறது. கண்ணாடிகூட இவ்வளவு சரியாகக் காட்டாது. நான் தினமும் இதைத்தான் செய்தேன்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மாரியில் கடற்காற்றின் ஈரம் தோலில் ஏறி வலந்தலை என்னும் வலது பக்கத்தின் சுருதி இறங்கிவிடும். நாதம் வரவில்லையே என்று பலமாக அடிப்போம். தோள் மறுபடியும் ஏறும். அடிக்காதீர்கள். கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டிச் சுருதியைச் சேருங்கள். இதற்காகவே பரீட்சைக்கு நேரத்தோடு போனேன்.

விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஒரே இருப்பில் சாதகம் செய்யச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. கால் விறைத்த பிறகு வாசிப்பது பிழையான இருப்பைப் பழக்கிவிடும் என்பதே என் எண்ணம். இருபது நிமிடமாக நான்கு தடவை வாசித்தேன். முடிந்தவரை சீமெந்துத் தரையில், பாய் இல்லாமல்.

இந்த முறை மண்டபத்தில் சாரத்தை மடித்துப் போட்டு, துணியைச் சரிசெய்து, மிருதங்கத்தை வைத்து அசைத்துப் பார்க்க ஒரு நிமிடம் எடுத்தேன். பரீட்சகர் பேசாமல் காத்திருந்தார். நீங்களும் அந்த நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.