திமிலுக்கு எத்தனை கட்டம்?

ஜூன் 3, செவ்வாய்

பெரியப்பா பையன் கோவையில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் ரேக்ளா பந்தயத்தை வைத்து ஒரு கேம் செய்கிறார். பார்க்கப் பழசு மாதிரி இருந்தால் போதும் என்று விடுகிற ஆள் இல்லை. 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் மெஷினில் நிஜமாகவே ஓட வேண்டுமாம். தொண்ணூறுகளில் நம்மூர்ப் பிள்ளைகள் கேசட் சொருகி விளையாடிய ‘டிவி கேம்’ எல்லாம் பெரும்பாலும் அதன் நகல்கள்தான். வண்டியும் மாடும் வரைந்து தருவது என் பங்கு. சென்னிமலையில் பெட்ஷீட் கடைக்குக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது எதற்கு என்று அம்மா கேட்கிறார், நியாயமான கேள்விதான்.

கட்டம் கட்டமாக (ஒரு கட்டம் ஒரு பிக்சல்) படம் வரைகிற பிஸ்கெல் என்ற கருவி பிரவுசரிலேயே திறக்கிறது, காசு கிடையாது. 32-க்கு 32 கட்டத்தில் ஒரு காங்கேயம் காளை வரைந்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். ஆறேழு பேர் ‘சூப்பர்’ போட்டார்கள், ஒரு மாமா கைகூப்பும் பொம்மை அனுப்பினார் (எதற்கென்று தெரியவில்லை), சித்தி மட்டும் ‘எருமை நல்லாருக்குது கண்ணு’ என்று எழுதினார். வந்ததிலேயே உருப்படியான பதில் அதுதான். கொம்பு, திமில், வால் எல்லாம் இருந்தும் எருமையாகத் தெரிகிறது என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்றாவது தெரிந்தது.

ஜூன் 7, சனி

அண்ணன் வீடியோ கால் போட்டு முதலில் கேட்டது, “ஏம் புள்ள, இந்த மாட்டுக்கு வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்குது?”

ஓரமெல்லாம் கருப்பு, உள்ளே போகப் போக வெளுப்பு என்று சுற்றிலும் ஒரே மாதிரி நிழல் வைத்திருந்தேன். தலையணை மாதிரி உப்பித் தெரிவதால் இதை பில்லோ ஷேடிங் என்பார்களாம், புதிதாக வருகிறவர்களின் படத்தில் இது இல்லாமல் இருக்காதாம். மேலே வலது பக்கம் சூரியன் என்று முடிவு பண்ணிக்கொண்டு முதுகுக்கு மட்டும் வெள்ளை, வயிற்றுக்கும் பின்காலுக்கும் கருப்பு என்று மாற்றியதும் அஞ்சே நிமிஷத்தில் மாட்டுக்கு எலும்பு வந்துவிட்டது.

அடுத்தது கொஞ்சம் பெரிய விஷயம். அந்த மெஷின் பொம்மைகளை 8 பிக்சல் அகலத் துண்டுகளாகத்தான் வைத்துக்கொள்ளும். ஒரு துண்டுக்கு மூன்று நிறம், நாலாவது ஊடுருவித் தெரியும் வெறும் இடம். திரையில் ஒரு கிடைக்கோட்டில் எட்டுத் துண்டுக்கு மேல் காட்டாது, ஒன்பதாவது காணாமல் போகும். அதனால்தான் அந்தக் காலத்து கேமில் எதிரிகள் கூட்டமாக வரிசையில் வந்தால் எல்லாம் மின்னும்: ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்றை விட்டுவிட்டு, மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிப்பார்கள். என் மாடு 32 பிக்சல் அகலம், அதாவது நாலு துண்டு. ஜோடி மாட்டை ஒன்றை ஒன்று மறைக்கிற மாதிரி ஒட்டி வைத்தாலும் கணக்கு எட்டு. வண்டிக்கு இடமே இல்லை!

இரண்டு மாட்டையும் ஒரே படமாக வரையச் சொன்னார். அந்தப் பக்கத்து மாட்டுக்கு நெற்றி, கொம்பு, முன்னங்கால் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். 40 பிக்சல், ஐந்து துண்டு. வண்டிக்கு மூன்று. ஓட்டுகிறவர் வண்டிக்கு நேர் மேலே நிற்பதால் அவரது தலை வேறு கோடு, அதில் சிக்கல் இல்லை. ‘வரைஞ்சது நல்லாருக்கா’ என்று மட்டுமே கேட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. நல்லவேளை, இந்த மனுஷனுக்கு நல்லாருக்கு என்று சொல்லவே வராது.

ஜூன் 11, புதன்

கடைக்கு வந்த மாமாவிடம் போனைக் காட்டினேன். துணியிலேயே டிசைன் நெய்கிற ஜக்கார்டு தறிக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் கிராஃப் போட்டே காலம் தள்ளியவர். அட்டையில் ஓட்டை போட்டு, கோத்துத் தறியில் ஏற்றின காலத்து ஆள், இப்போது கம்ப்யூட்டரில் போடுவதைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார். கேம் என்றால் என்னவென்று அவருக்கு ஆர்வமே இல்லை, காளையைக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கொம்பின் வளைவில் விரலை வைத்தார்.

“இங்க மூணு கட்டம் போயி ஒண்ணு ஏறுது, அப்பறம் ஒரு கட்டம், மறுபடி ரெண்டு. பல்லு பல்லாத் தெரியாம என்ன பண்ணும் கண்ணு? மூணு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணுன்னு கொறஞ்சுகிட்டே வரோணும்.”

உட்கார வைத்துக் கட்டம் கட்டமாக எண்ண வைத்தார். வளைவு திரும்புகிற இடத்தில் எண்ணிக்கை முன்னும் பின்னும் போகக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம், ஆனால் அதைக் கண்ணால் பிடிக்க அவருக்கு ஒரு நொடி ஆகிறது, எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் ஆகிறது. சக்கரத்தைப் பார்த்ததும், “உன்ற கட்டம் சதுரமா?” என்று ஒரு கேள்வி. துணியில் ஒரு அங்குலத்துக்கு இத்தனை பாவு (நெடுக்கு நூல்), இத்தனை ஊடை (குறுக்கு நூல்) என்று இரண்டும் வேறாக இருக்கும். சதுரக் கட்டத்தில் வட்டம் போட்டுத் தறியில் ஏற்றினால் முட்டையாகத்தான் வரும்.

ராத்திரி அண்ணனிடம் கேட்டால், ஆமாம், டிவியிலும் அப்படித்தானாம்! ஃபேமிகாம் பிக்சல் ஜப்பான், அமெரிக்க டிவிகளில் அகலம் 8 என்றால் உயரம் 7. சக்கரம் உருண்டையாகத் தெரிய வேண்டுமென்றால் 24 உயரத்துக்கு 21 அகலம்தான் வைக்க வேண்டும். கேமே ஆடாத மனிதர் கண்டுபிடித்துக் கொடுத்தது இது.

ஜூன் 15, ஞாயிறு

பழையகோட்டை மாட்டுத்தாவணி, அதாவது மாட்டுச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை கூடும், காங்கேயம் மாடுகள் மட்டும்தான். காற்று காலம் வேறு, வாயெல்லாம் புழுதி. அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டினேன்.

கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, “அம்மிணி, இது காளையா, காயடிச்ச எருதா?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த மாடுகளையே காட்டிச் சொன்னார். மயிலைக் காளை (சாம்பல் நிறம்) என்றால் திமில் பெருத்து முன்னால் நிற்கும், தலை, கழுத்து, திமில், பின்தொடை எல்லாம் கருத்திருக்கும். காயடித்துவிட்டால் அந்தக் கருப்பு வெளுத்துச் சாம்பலாகும், திமிலும் அடங்கும். கன்று பிறக்கும்போது செம்பழுப்பு, ஆறு மாதம் போனால்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். கொம்பு வெளிப்பக்கம் விரிந்து பின்னால் வளைந்து, நுனி இரண்டும் கிட்டத்தட்ட ஒரு வட்டத்தை முடிக்கப் பார்க்கும். என் படத்தில் கொம்பு பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது. எருமை எங்கிருந்து வந்தது என்பது அங்கேதான் புரிந்தது. வளைவைச் சீர் பண்ணிக் கொடுத்த மாமா கொம்பு எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கவில்லை, அது அவர் வேலையும் இல்லை.

அதோடு விட்டாரா, இல்லை. கண்ணுக்கு மை தீட்டினாற்போல் கருவளையம் வேண்டும், கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடி வேண்டும், வால்குஞ்சம் கருப்பாக வேண்டும், குளம்பு பிளந்து தெரிய வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் உண்மை. என்னிடம் இருப்பது மூன்று நிறம், தலைக்கு மொத்தமே ஒன்பது பிக்சல் உயரம்.

ஜூன் 17, செவ்வாய்

திமில் இரண்டு பிக்சல் உயர்த்தினேன். காளை. மூன்று உயர்த்தினேன். ஒட்டகம். இரண்டு.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். பரணிலிருந்து பழைய குண்டு டிவியை இறக்கி, மாட்டையும் வண்டியையும் ஓட விட்டுப் பார்த்தோம். ஓடும்போது நாலு படம் மாறுகிறது, சக்கரம் உருண்டையாகவே இருக்கிறது, எதுவும் மின்னவில்லை.

சண்டை நிறத்தில்தான். செவலை (செந்நிறம்), காரி (கருப்பு) என்று மற்ற மாடுகளுக்கும் இதே படத்தை வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றிவிடலாம், அந்த மெஷின் பொம்மைகளுக்கு நிறத் தொகுப்பு நாலு தருகிறது, இடம் மிச்சம் என்பது அண்ணன் கட்சி. அப்படிச் செய்தால் மயிலையின் திமிலுக்கும் தொடைக்கும் வைத்த கருப்பு, செவலையிலும் அதே இடத்தில் திட்டாக வந்து உட்காரும். பெரியவர் பார்த்தால் தாவணிப் பக்கமே என்னால் போக முடியாது. அண்ணன் 1981-ல் வந்த டாங்கி காங் கேமைச் சொன்னார்: தலைமுடியும் வாயும் வரைய இடமில்லாமல்தான் அதை உருவாக்கிய மியாமோட்டோ அதன் ஹீரோ பொம்மைக்குத் தொப்பியும் மீசையும் வைத்தார், பின்னால் மரியோ என்றால் அதுதான் என்று ஆனது. சரிங்கண்ணா, ஆனால் மீசை யாருடையது என்று சந்தேகப்பட அங்கே மாட்டுத்தாவணி இல்லையே என்றேன்.

அக்கா பையனைக் கூப்பிட்டு, “இது என்ன?” என்று மட்டும் கேட்டோம். ரேக்ளா என்று எதையும் சொல்லவில்லை. “காளை மாடு, ரெண்டு இருக்குது, பின்னாடி இருக்கறது ஒளிஞ்சுக்குச்சு” என்றான். அலைதாடியையும் கருவளையத்தையும் அவன் தேடவில்லை, ஆகவே இரண்டையும் விட்டாயிற்று. கொம்பும் திமிலும் பெரியவர் சொன்னபடியே இருக்கும். வால்குஞ்சத்துக்கு ஒரே ஒரு கருப்புப் பிக்சல், அது அவருக்காக.

செவலைக்குத் தனிப் படம் வரைகிறேன். தலையும் முதுகும் உள்ள துண்டுகளை மட்டும் மாற்றி, காலெல்லாம் பழையதையே வைத்தால் இடம் ஒன்றும் பெரிதாகப் போகாது என்று எண்ணிக் காட்டியதும் அண்ணன் ஒத்துக்கொண்டார். காரிக்கு நிற மாற்றமே போதும் என்று நானும் ஒத்துக்கொண்டேன், கருப்பு மாட்டில் எந்தக் கருப்பு எங்கே இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள். ஓட்டுகிறவருக்குத் தலைப்பாகையா, தலையில் துண்டா என்பதுதான் பாக்கி. அதை அப்பாவிடம் கேட்க வேண்டும்.