கீழ்புத்துப்பட்டு: ஐயனார் காட்டின் புதர்களைத் தேடி

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டு வரும். மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கவும் மொட்டை போடவும் வருகிறவர்கள்தான் அதிகம். நான் போனது கோயிலைச் சுற்றியுள்ள காட்டுக்காக.

சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் பரந்து கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்துவிடும்; அப்புறம் மாதக்கணக்கில் வறட்சிதான். அப்படியும் வீரையும் காயாவும் உலக்கைப்பாலையும் பச்சை மாறாமல் நிற்கின்றன. தடித்து, பளபளவென்றிருக்கும் இலைகள் ஈரத்தை எளிதில் விடுவதில்லை. உயரம் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான்.

அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு இந்தக் காடு பிடிபடாது, குனிய வேண்டும். களா, காரை, சூரை, சங்கஞ்செடி என்று முள்ளும் கொடியுமாகப் பின்னிக் கிடக்கிறது. பறவை எச்சத்தோடு விழுகிற விதை, ஆட்டின் வாய்க்கு எட்டாமல் அந்த முள்ளுக்குள் முளைத்துத்தான் தலைதூக்குகிறது. வீரைக் கன்றுகளை அப்படித்தான் கண்டேன். பாதையோரம் ஆடுதீண்டாப்பாளை. சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அந்தக் குடும்பத்துச் செடிகளைத் தவிர வேறு இரையில்லை. இலையின் நஞ்சு உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் அதை ஒதுக்கிவிடுகின்றன. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவிக்கோ கீழே சருகு வேண்டும். அதைக் கிளறித்தான் பூச்சி பிடிக்கும்.

எத்தனையோ கோயில் காடுகளில் வண்டி நிறுத்தவும் சமைக்கவும் புதரை வழித்துவிட்டு, மரத்தைத்தான் விட்டுவைத்தோமே என்கிறார்கள். கேட்கவே மனசு பதறுகிறது. அந்த மரம் சாய்ந்தால் அடுத்தது எங்கிருந்து வரும்?

பக்கத்திலேயே ஆரோவில் என்ற பன்னாட்டு நகரியம். 1968-ல் தொடங்கியபோது அரித்துப்போன செம்மண் பொட்டல். அங்கே குடியேறியவர்கள் வரப்பு போட்டு மழைநீரைத் தேக்கினார்கள். ஆஸ்திரேலிய வேலமரத்தை முதலில் வளர்த்து, அதன் நிழலில் இந்த மண்ணின் மரங்களை நட்டார்கள். அதற்கு விதை கொடுத்தவை இப்படிப்பட்ட கோயில் காடுகள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் அந்த வேலமரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அடியில் காத்திருந்த நாட்டுக் கன்றுகளுக்கு வெயில் கிடைத்தது. நரி, முள்ளம்பன்றி, மரநாய் எல்லாம் இன்று அங்கே உண்டு.

போகிறவர்கள் மார்கழி, தையில் போங்கள், ஆறுமணிக்குருவியைப் பார்க்க வாய்ப்பிருக்கும். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, விடிந்ததும் நடக்கலாம். ஒற்றையடிப் பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள், விரல் உயரத்துக் கன்றுகள் சருகோடு சருகாக இருக்கும்.